யப்பானியரும் அமெரிக்கரும் அடைத்த வேலி

1986ஆம் ஆண்டு ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். திகதியில் அங்கே நின்றவர்களுக்குள் இன்றுவரை இணக்கம் இல்லாததால் அதை எழுதவில்லை. சனிக்கிழமை என்பதையும், சோளகக் காற்று மண்ணை வாரி எங்கள் வாய்க்குள் போட்டதையும் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. உலக யுத்தம் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. பசிபிக் சமுத்திரத்தில் எங்கள் புங்குடுதீவைவிடச் சிறிய ஒரு தீவு. அதில் காலாட்படைகள் மோதிய ஒரே ஒரு நாள். காலையில் தரையிறக்கம், மாலையில் முடிவு. இதுதான் நாடகம். ஊர்ந்து போகவும் விழுந்து சாகவும் வாசிகசாலை மேடை காணாது என்பதால், ஒத்திகையை இறுப்பிட்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம்.

பனை மட்டைகள் துப்பாக்கிகள். ஓலைப் பெட்டியைக் கவிழ்த்தால் இரும்புத் தொப்பி. தோளின் குறுக்கே போட்ட கயிறு தோட்டாப் பட்டி. காடு வேண்டும், வேலிக்கு வெட்டின பூவரசங் கதியால்களை நடுங்கள் என்றேன். எங்கள் ஆட்களுக்குக் கதியால் என்றால் கயிறு பிடித்து நேராக நடத்தான் வரும். காடு ஒரே வரிசையில் நின்றது. பதுங்குகுழியை மறைக்கப் பனையோலைக் கட்டுகளும் கிடந்தன.

இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. ராணுவ ஹெலிகொப்டர், எங்கள் பேச்சில் ஹெலி, வந்தால் வெளியில் நிற்கிற எவரையும் சுடலாம் என்றிருந்த நாட்கள். கையில் நீளமாக ஏதாவது இருந்தால் கட்டாயம் சுடும் என்றே நம்பினோம். நம்பிக்கொண்டே மட்டையைத் தோளில் வைத்தோம். இந்த மூலைக்கு அது ஏன் வரப்போகிறது என்பது எங்கள் எண்ணம்.

அமெரிக்கக் கப்டனாக நடித்தவர் ஊரில் தட்டிவான் ஓட்டுபவர். யப்பானியத் தளபதி புகையிலைத் தோட்டக்காரர். சண்டை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தளபதி சுடுபட்டு விழுந்தார், உடனே எழும்பினார்.

“அண்ணை, செத்தவர் எழும்பக்கூடாது!” என்று கத்தினேன்.

“எறும்புப் புற்றிலை விழுத்திப்போட்டு எழும்பாதையெண்டால்? வேணுமெண்டால் நீர் வந்து படும்.”

“யப்பான்காரன் அப்பிடித்தான் விழுந்தவன். புத்தகத்திலை கிடக்கு.”

“கிடக்கட்டும். என்ரை மாமியார் முன்வரிசையிலை இருக்கப்போறா. நான் தோக்க ஏலாது. அடுத்த முறை கப்டன் சாகட்டும்.”

“சரித்திரத்தையே மாத்தச் சொல்லுறாரப்பா!” என்று கப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

வடக்கே, கடலுக்கு மேலே, ஹெலி. நேராக எங்களை நோக்கி.

பனைகள் தூரத்தில் நின்றன. இரண்டு பேர் ஓட எத்தனித்தார்கள். “ஓடாதேங்கோ! ஓடினால் சுடுவான்!” என்ற கப்டன், வரிசையாக நின்ற எங்கள் காட்டைப் பார்த்தார். “வேலி! வேலியை அடையுங்கோ! வேலை செய்யிறமெண்டு நினைக்கட்டும்!”

அடைத்தோம். தலைப் பெட்டிகளைக் கழற்றி எறிந்தோம். துப்பாக்கிகள் குறுக்கு மட்டைகளாயின. தோட்டாப் பட்டிகளை அறுத்து ஓலை கட்டினோம். ஓலைக்கு ஒரு பக்கம் யப்பானியர், மறுபக்கம் அமெரிக்கர்.

“எதிரியோடை சேர்ந்தோ?” என்று ஒருவன் கேட்டான்.

“எந்த நாட்டுக்காரனெண்டாலும் ஓலையைப் பிடியடா!” என்று கப்டன் கத்தினார்.

ஹெலி தலைக்கு மேலே வந்து சுற்றியது. போகவில்லை. இன்னும் தாழப் பதிந்து இரண்டாம் முறை சுற்றியது. மண் பறந்து கண்ணை மறைத்தது. மேலேயிருந்து பார்ப்பவனுக்கு, வெறும் மணலில் எங்கேயும் தொடங்காமல் எங்கேயும் முடியாமல் எழும்பும் ஒரு வேலி என்னவாகத் தெரியும் என்று நினைத்தேன்.

அப்போது பனங்காணிப் பக்கமிருந்து ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே காணிக்காரி. அந்த மணல் துண்டுக்காக மைத்துனரோடு நெடுங்காலமாகக் கோட்டில் வழக்காடுகிறவர். அவர் மேலே பார்க்கவே இல்லை. வேலியைத்தான் பார்த்தார்.

“ஆர் காணியிலை ஆரடா வேலி போடுறது? மச்சான் அனுப்பினவரோ? கோட்டிலை வெல்ல ஏலாமல் கூலிக்கு ஆள் பிடிச்சவரோ?”

குடையை மடக்கிக் கப்டனின் முதுகில் ஒன்று போட்டார். ஓர் ஓலையைப் பிடித்து இழுத்தார்; தளபதி மறுமுனையை விடாமல் இழுத்தார். ஹெலியின் இரைச்சலையும் மீறிக் காணிக்காரியின் குரல் கேட்டது. அந்தச் சண்டையில் நடிப்பு ஒரு துளியும் இல்லை. மேலே இருந்தவனுக்கும் ஊரில் ஒரு மச்சானும் ஒரு வேலியும் இருந்திருக்க வேண்டும். ஹெலி ஒரு பக்கம் சரிந்து, உயர்ந்து, ஊர்காவற்றுறைப் பக்கமாகப் போய்விட்டது.

காணிக்காரி அதையும் கவனிக்கவில்லை. “இப்ப பிடுங்கிறியளோ, இல்லையோ?”

“பிடுங்கிறம் அக்கா! இப்பவே பிடுங்கிறம்!” என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். கப்டன் அவரைக் கும்பிட்டார். தளபதி தன் பக்கத்து ஓலைகளை அவிழ்த்து அவருடைய காலடியில் மாலைபோல வைத்தார்.

சொன்னவுடனே வேலி பிடுங்கிய ஆட்களை எங்கள் தீவு அதற்கு முன் கண்டதாக எந்தப் பதிவும் இல்லை. அவர் திகைத்துப்போனார்.

“என்னடாப்பா, குடிச்சுப்போட்டோ நிக்கிறியள்?”

கப்டன் வானத்தைக் காட்டினார். கடலுக்கு மேலே ஒரு புள்ளி சிறுத்துக்கொண்டிருந்தது. காணிக்காரி அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு மணலில் தொப்பென்று இருந்துவிட்டார்.

“ஐயோ, அதுக்குக் கீழையோ நான் நிண்டனான்? என்னைச் சுட்டிருப்பானே!”

“உங்களைக் கண்டுதான் அக்கா அவன் ஓடினவன்.”

முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. எஞ்சி நின்ற ஒரு கதியாலைப் பிடுங்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் கையிலும் பலம் இல்லை.