அவர் வாங்கிய ‘இல்லை’

கைப்பேசியில் ‘நடக்குமா, நடக்காதா’ என்று விலை வைத்து விளையாடும் செயலிகளை அரசாங்கம் மூடியபோது, எங்கள் குன்னத்து வீட்டில் துக்கம் கொண்டாடியவன் என் தம்பி ஒருவன்தான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு ஒரு தட்டில் மக்காச்சோளத்தைக் கொட்டிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையிலேயே சந்தையைத் திறந்துவிட்டான்.

கேள்வி எப்போதும் ஒன்றுதான். பெரம்பலூரில் கல்லூரியில் படிக்கும் என் மகள், அடுத்த கபடி ஆட்டத்தின் முதல் பாதியில் பத்துப் பாயிண்ட் எடுப்பாளா? எடுப்பாள் என்பவர் ‘உண்டு’ சீட்டு வாங்கவேண்டும், மாட்டாள் என்பவர் ‘இல்லை’. இரண்டின் விலையும் சேர்ந்து பத்துச் சோள மணி. ‘உண்டு’ எட்டு மணி என்றால் ‘இல்லை’ இரண்டு மணி. பக்கத்து வீட்டில் கேட்பவர்கள் நாங்கள் நேரம் சொல்வதாக நினைத்திருப்பார்கள். ஜெயித்த சீட்டுக்குப் பத்து மணி கிடைக்கும், தோற்றதற்கு ஒன்றுமில்லை. அதிகம் தோற்றவர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தரவேண்டும்.

“ஏண்டா முதல் பாதி மட்டும்?” என்று கேட்டேன். எனக்கு எதையும் துருவாமல் இருக்க முடியாது.

“ரெண்டாவது பாதில கோச் ஆள மாத்திடுவாருக்கா. முதல் பாதிலதான் அவ முழுசா ஆடுவா.”

எனக்கு அந்த விலை பிடித்துப்போனது. வாயால் எதையும் பேசிவிடலாம், தட்டிலிருந்து மணியை எடுத்து வைக்கும்போது மனசில் உள்ளது வெளியே வந்துவிடுகிறது. என் கணவர் மட்டும் சந்தைக்கே லாயக்கில்லாத ஆள். மகளுக்குக் காய்ச்சல் வந்து எழுந்த வாரத்தில்கூட ஒன்பது மணி கொடுத்து ‘உண்டு’ வாங்கினார். பரோட்டாக் கடைக்காரர் அவரைக் கண்டாலே சிரிப்பார்.

அரியலூரில் நடந்த அந்த ஆட்டம் சாதாரணமானது இல்லை. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்று மகள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் அவள் கிளம்பிப் போனதும் தம்பி தட்டை வைத்தான். ‘உண்டு’ எட்டு மணி. என் கணவர் வந்து உட்கார்ந்தார்.

“எனக்கு ‘இல்லை’ குடு. இருக்கறது எல்லாம்.”

தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். “மாமா, வெளாடாதீங்க.”

அவர் விளையாடவில்லை. வாங்க வாங்க ‘இல்லை’ ஏறியது, ‘உண்டு’ மூன்று மணிக்கு வந்து நின்றது. ஏன் என்று கேட்டேன். “சும்மா, தோணுச்சு” என்றார். ஆட்டத்துக்குப் போகவில்லையா என்றேன். வெங்காயத்துக்கு மருந்தடிக்கணும் என்று செருப்பை மாட்டினார். மகள் ஆடும் நாளில் இந்த மனிதருக்கு வெங்காயம் ஞாபகம் வந்ததே இல்லை.

சோற்றை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத் தம்பியின் வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் அந்த மூன்று மணிதான் மண்டைக்குள் ஓடியது. அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பயமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

மைதானத்து ஓரத்தில் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள் மகள். என்னைப் பார்த்ததும் இடது காலை மடக்கி உள்ளே இழுத்தாள்.

“என்னம்மா, நீ வந்துருக்க?”

“‘உண்டு’ மூணு மணிக்கு எறங்கிடுச்சு.”

“யாரு வாங்குனது, மாமாவா?”

“உங்கப்பா.”

அவள் கை கயிற்றிலேயே நின்றது. “அப்பா சொல்லிட்டாரா?”

“சொல்லல. ‘இல்லை’ய வாங்குனாரு.”

கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். பிறகு கால்சட்டையை மேலே சுருட்டினாள். முட்டி பன்னாக வீங்கியிருந்தது. போன வாரப் பயிற்சியில் திரும்பும்போது பிசகியதாம். என்னிடம் சொன்னால் ஆடவிடமாட்டேன் என்று அப்பாவிடம் மட்டும் காட்டி, தன் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

நான் ஒன்றும் திட்டவில்லை, அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். பிறகு அவளே நொண்டிக்கொண்டு கோச்சிடம் போனாள். முதல் பாதி முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இடத்தில் கபடி பாடப்போன பெண்ணுக்குக் கை தட்டினாள். பல்கலைக்கழக அணிக்கான இந்த வருடத் தேர்வு அதோடு போயிற்று.

சாயங்காலம் வீடு திரும்பியபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். மருந்தடிக்கும் டேங்க் மூலையில் காய்ந்து கிடந்தது.

“ஆடுனாளா?”

“உக்காந்துட்டா.”

சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் போகாம இருந்திருந்தா? வாயத் தொறந்து சொல்லாம, சோளத்த வச்சுக்கிட்டு என்ன வெளாட்டு இது?”

“சத்தியம் பண்ணிட்டேன்ல” என்றார். “நீ ‘ஏன், எதுக்கு’ன்னு கேக்காம இருக்க மாட்ட. அத நம்பித்தான் வாங்குனேன்.”