இருபதிலிருந்து கீழே

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. அடுத்தவன் கடைந்த உதிரிபாகத்தை அளந்து, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. வீட்டிலும் அப்படியே இருந்தேன் என்பது எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது.

என் தம்பி நேரெதிர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டினான். சூப்பர்வைசர் ஒரு வார்த்தை அதிகம் பேசினால் ஸ்பேனரை வீசிவிட்டு வெளியே வந்துவிடுவான். மூன்றாவது வேலையும் போனபோது, முகப்பேரில் தன் ஃபிளாட்டிலேயே மனநல ஆலோசனை தந்துகொண்டிருந்த ஒரு அம்மாவிடம் அவனை அழைத்துப் போனேன். எங்கள் குடும்பத்தில் கோளாறு அவன் ஒருவனுக்குத்தான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அவர் அவனுக்குப் பயிற்சி கொடுத்தார். கோபம் ஏறினால் இடத்தை விட்டு நகர வேண்டும், குளிர்ந்த தண்ணீரில் கை வைத்து இருபதிலிருந்து கீழே எண்ண வேண்டும், பிறகு நடந்ததை நோட்டில் எழுத வேண்டும். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், எனக்கும் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டேன்.

காரணம் இருந்தது. அந்த மாதம்தான் என் மனைவிக்கு நாலு மாதக் கரு கலைந்திருந்தது. தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எனக்கு மானம் போனது. நான் மறுநாள் சங்கு ஊதும் முன்பே ஃபாக்டரி கேட்டில் நின்றேன். அழுகை வரப் பார்த்தபோதெல்லாம் குழாயடியில் கை நீட்டி எண்ணினேன். அவள் பார்க்கப் பார்க்க நோட்டில் நேரம் போட்டு ‘சரி’ என்று எழுதினேன்.

இரண்டாவது வாரம் அவள் திருவேற்காட்டிலிருந்த தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். “உங்க தம்பி அழுதாரு. நீங்க இன்னா பண்ணீங்க? அயர்ன் பண்ண சட்டையப் போட்டுகினு வேலைக்குப் போனீங்க” என்றாள். அதற்கும் குழாயடிக்குப் போய் எண்ணினேன். திரும்பி வந்தபோது ஆட்டோ போயிருந்தது.

அடுத்த முறை ஆலோசகர் தம்பியின் நோட்டைக் கேட்டார். எண்ணெய்க் கறையோடு மூன்று பக்கக் கிறுக்கல். பெருமையாக என்னுடையதையும் நீட்டினேன். ஓர் அடித்தல்கூட இல்லை. அவர் எல்லாப் பக்கமும் படித்தார்.

“இந்தப் பயிற்சியை உங்களுக்கு யார் கொடுத்தது?”

“நானே எடுத்துக்கிட்டேன் மேடம்.”

“உங்க தம்பி பிடிச்சு நிறுத்தக் கத்துக்கணும். நீங்க பிடிச்சதை விடக் கத்துக்கணும். அவருக்குக் கொடுத்த பயிற்சி உங்களை இன்னும் இறுக்கிடும்.”

தம்பி சிரித்தான். “அப்போ கேஸு நீதானா அண்ணாத்தே?”

எனக்கு அவர் தந்த பயிற்சி ஒன்றே ஒன்று: மனதில் இருப்பதை, முகத்தைச் சரிசெய்யாமல், உரியவரிடம் சொல்ல வேண்டும். ஒத்திகை கூடாது. அந்தக் கடைசி நிபந்தனை அநியாயமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை திருவேற்காடு போனேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டேதான் போனேன், பொய் சொல்வானேன். அவள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“இன்னா, நோட்டு எடுத்துகினு வந்தீங்களா?” என்றாள். தயாரித்ததெல்லாம் மறந்துபோனது.

“பொண்ணா பொறந்தா வைக்கலாம்னு ஒரு பேரு யோசிச்சு வச்சிருந்தேன்” என்றேன்.

ஈரத்துணி அவள் கையிலேயே நின்றது. “எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

பழக்கதோஷத்தில் இருபதிலிருந்து எண்ணத் தொடங்கினேன். பதினேழுக்குக் கீழே போக முடியவில்லை. பக்கத்து வீட்டார் பார்க்க, நின்ற இடத்திலேயே அழுதேன்.

“இன்னா பேரு?” என்றாள். சொன்னேன்.