கப்டனுக்கு வந்த கெட்ட பெயர்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் மீன்தொட்டி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள், புறா வளர்த்தவர்கள் இருந்தார்கள், ஒரு வீட்டில் ஆமைகூட இருந்தது. குதிரை வைத்திருந்தது எங்கள் குடும்பம் மட்டும்தான். அதனால் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொஞ்சம் மதிப்பு இருந்தது. அது அப்பாவின் அண்ணனான என் பெரியப்பாவின் குதிரை என்ற விவரத்தை, கட்டாயம் கேட்டால் மட்டும் சொல்வேன்.

பெரியப்பாவிடம் ஒரு லொறி இருந்தது. துறைமுகத்தில் சாமான் ஏற்றிப் புறக்கோட்டைக் கடைகளில் இறக்குவார். அவருக்கு வேலை கொடுத்துவந்த ஒருவர் குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது, தான் சவாரி செய்த குதிரையை யாரிடம் விடுவதென்று தெரியாமல் இவரிடம் விட்டுவிட்டுப் போனார். கப்டன் என்று பெயர். செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைக் கீறல். முகத்துவாரத்தில் லொறி நிற்கும் கொட்டகையின் ஒரு பக்கத்தை மறித்து அவனைக் கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் போவேன். கப்டன் என் தலைமயிரை முகர்ந்து மூச்சுவிடுவான். அந்தச் சூட்டில் புல்லும் தவிடும் மணக்கும். கண்ணை மூடிக்கொண்டு நின்றால், வெளியே கொழும்பு ஓடிக்கொண்டிருப்பது யாருடைய கதையோ போல இருக்கும்.

குதிரை சும்மா நின்று தின்கிறது என்று வீட்டில் முணுமுணுப்பு எழுந்தபோது பெரியப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. மலைநாட்டில் கிழங்கும் கரட்டும் பயிரிடும் ஆட்கள் சிலர் பெண் குதிரை வைத்திருந்தார்கள். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வாவிக்கரைக்குக் கொண்டுபோய், சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் சம்பாதிப்பார்கள். நல்ல ஆண் குதிரைக்கு மட்டும் அங்கே தட்டுப்பாடு. ஒரு ஓகஸ்ட் மாதம் பெரியப்பா கப்டனை வெலிமடைப் பக்கம் கொண்டுபோய், ஒரு விவசாயியின் குதிரையோடு சில நாட்கள் விட்டு வந்தார். கூலியாகக் கிழங்கு மூட்டைகள் வந்தன. அந்த நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் வீட்டில் கிழங்கு தவிர வேறெதுவும் சமைத்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்த ஓகஸ்ட் விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெரியம்மாவும் வந்தார். அது அபூர்வம். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவதைத் தவிர அவர் எங்கும் போவதில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கோயிலில் பெரியம்மா என்ன கேட்கிறார் என்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். எங்கள் குசினியில் சமைத்துக்கொண்டே அம்மாவும் மாமியும் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். “அவவிலதான் ஏதோ குறை” என்று முடிப்பார்கள். குறை என்றால் கையிலோ காலிலோ இருக்கும் என்று நினைத்து, பெரியம்மா குளித்துவிட்டு வரும்போது உற்றுப் பார்த்திருக்கிறேன். எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

விடிகிற நேரத்தில் புறப்பட்டோம். அவிசாவளை தாண்டியதும் பெரியம்மாவின் மடியில் உறங்கிவிட்டேன். விழித்தபோது கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. மேகத்துக்குள் போகிறோம் என்றார் பெரியப்பா. தேயிலைச் சரிவு ஒன்று தெரிந்து மறைந்தது. ஒரு பெண் கூடையோடு தோன்றி, நாங்கள் நெருங்குவதற்குள் கரைந்துபோனாள். பின்னால் கப்டனின் குளம்பு பலகையில் தட்டும் சத்தம் மட்டும் கூடவே வந்தது. அது கேட்காவிட்டால் நான் இன்னும் உறங்கிக்கொண்டிருப்பதாகவே நம்பியிருப்பேன்.

அந்தக் கிராமத்துத் தேத்தண்ணிக் கடையில் பெரியப்பா சொல்லி ஒட்டுவித்த கடதாசி ஒன்று இருந்தது. பொலிகுதிரை வருகிறது என்று எழுதியிருந்ததை லொறியிலிருந்தே வாசித்தேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

“பொலிவான குதிரை எண்டு அர்த்தம்,” என்றார் பெரியப்பா, றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கப்டன் பொலிவாகத்தான் இருந்தான். அதனால் நம்பினேன்.

விவசாயியின் வீட்டு முற்றத்தில் கம்பளித் தொப்பி போட்ட ஆட்கள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவர்களிடமும் பெண் குதிரைகள் இருந்தன. கப்டனைத் தட்டிப் பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டார்கள். பெரியப்பா குட்டி எங்கே என்று கண்ணால் தேடிக்கொண்டிருந்தார். போன வருடம் கப்டனோடு விட்ட கருப்பி என்ற பெண் குதிரை வேலியோரத்தில் தனியாக நின்றது. பெரியம்மா அதன் பக்கத்தில் போய்க் கழுத்தைத் தடவினார்.

விவசாயியின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்.

“ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க அக்கா?”

“எனக்குப் பிள்ளை இல்லை. என்னிலதான் குறை,” என்றார் பெரியம்மா. வீட்டு முகவரியைச் சொல்வது போலத்தான் சொன்னார். பலமுறை சொல்லிப் பழகிய குரல்.

“கவலப்படாதீங்க. எங்க கருப்பியும் அப்படித்தான். மத்தபடி ரொம்ப சாது.”

அந்த அம்மா அன்பாகத்தான் சொன்னார். பெரியப்பா தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

விவசாயி தொண்டையைச் செருமினார். “குட்டி தங்கலீங்க மொதலாளி. ஒங்க குதிரயக் கொற சொல்ல முடியாது, பாத்தாலே தெரியுதே. இதுதான் மலடு. வித்துறலாம்னு இருக்கேன். யாவாரி நாளைக்கு வர்றான்.”

மற்றவர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் தன் குதிரையை இப்போதே கூட்டி வரவா என்று கேட்டார். பெரியப்பா ஓம் என்று சொல்லியிருந்தால் போதும், அந்த வருடம் லொறி கொள்ளாத கிழங்கு வந்திருக்கும். அவர் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா கருப்பியின் கழுத்திலிருந்து கையை எடுக்காமல் குனிந்து நின்றார்.

“அதை விக்காதேங்கோ,” என்றார் பெரியப்பா. “அதில ஒரு குறையும் இல்லை. குறை எங்கட பக்கம். ஆணிலதான் குறை.”

“பாத்தா அப்பிடித் தெரியலீங்களே,” என்றார் விவசாயி.

“பாத்தாத் தெரியாது. டொக்டர் டெஸ்ட் பண்ணிச் சொன்னவர்.”

“எப்பங்க?”

“கனகாலம். நான்தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வெக்கமா இருந்தது. பழி மற்றப் பக்கம் போச்சு, போகட்டும் எண்டு விட்டிட்டன்.”

“தெரிஞ்சுகிட்டேதான் போன வருசம் கொண்டாந்தீங்களா?” என்று தொப்பிக்காரர்களில் ஒருவர் கேட்டார்.

பெரியப்பா மறுக்கவில்லை. “பிழைதான்,” என்றார்.

ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். போகும்போது கப்டனை ஒருவரும் தட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. பெரியப்பா பொய் சொல்லுகிறார் என்று எனக்குத் தெரியும். கப்டன் எங்களிடம் வந்தே கனகாலம் ஆகவில்லை. நான் தினமும் போகிற கொட்டகைக்கு எந்த டொக்டரும் வந்ததில்லை.

பெரியம்மா, தெரிந்த முகம்தானா என்று யோசிப்பவரைப் போலப் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியப்பா சுவெட்டரின் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் வழுக்கின. பெரியம்மா கிட்ட வந்து, கீழிருந்து மேலாக எல்லாப் பொத்தான்களையும் போட்டுவிட்டார்.

“குளிருது. வாங்கோ, போவம்,” என்றார்.

திரும்பி வரும்போது மழை. பாதி உறக்கத்தில், யாரோ தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போலப் பெரியம்மாவின் குரல் கேட்டது.

“எப்பவிருந்து தெரியும்?”

பெரியப்பா சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. கொஞ்சத் தூரம் போய் லொறியை ஓரங்கட்டி நிறுத்தினார். கண்ணாடி எல்லாம் புகைபிடித்தது போல இருந்தது. பெரியம்மாவின் மடி குலுங்கிக்கொண்டே இருந்தது. இஞ்சின் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். பழுது பார்க்க நேரம் எடுக்குமென்று தெரியும், ஆகவே மறுபடி உறங்கிவிட்டேன்.

கப்டனைப் பிறகு கற்பிட்டிப் பக்கத்தில் குதிரை வைத்திருந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அடுத்தடுத்த வருடங்களில் அங்கே செம்மண் நிறக் குட்டிகள் துள்ளித் திரிந்தன என்று கேள்விப்பட்டோம்.

ஆனால் வெலிமடையிலிருந்து திரும்பிய மறுநாள் எனக்கு இதெல்லாம் தெரியாது. வாயில்லாத ஒரு பிராணியின் மேல் ஒரு பெரிய மனுசர் பொய்யாகப் பழி போட்டுவிட்டார் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது. ஆற்றாமல் குசினிக்குப் போய் அம்மாவிடம் முறையிட்டேன்.

“பெரியப்பா பொய் சொன்னவர் அம்மா. கப்டனை ஒரு டொக்டரும் பார்க்கேல்லை.”

தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மா முதலில் காதில் வாங்கவில்லை. பிறகு கை நின்றது. பெரியப்பா என்ன சொன்னார், அப்படியே சொல்லு என்றார். சொன்னேன். பெரியம்மா அப்போது எங்கே நின்றார் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

பாதித் தேங்காயைத் திருவலையிலேயே விட்டுவிட்டு அம்மா எழுந்தார். கையைக் கழுவி, முகத்தைக் கழுவி, பூசைக்கு உடுக்கும் நல்ல சேலையை எடுத்து உடுத்தினார். ஒழுங்கையின் மறுமுனையில் இருந்த பெரியம்மா வீட்டுக் கதவைத் தட்டி, திறக்கும்வரை தலைகுனிந்து நிற்பதை ஜன்னலால் பார்த்தேன். மத்தியானம் கழிந்தும் அவர் திரும்பி வரவில்லை.

எனக்கு மனம் ஆறியது. எங்கள் வீட்டில் ஒருவராவது கப்டனுக்காகக் கதைக்கப் போனாரே என்று நினைத்துக்கொண்டேன்.