வவ்ரோவின் மூன்று வண்டிக் கரி

சுரங்கக் கம்பெனி வவ்ரோவுக்கு மூன்று வண்டி நிலக்கரிக்குக் கூலி பாக்கி. ஆறு டாலர் முப்பது சென்ட்.

ஸ்லோவாக் மலையிலிருந்து அவனைப் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேற்றி வரவழைத்தவர் அக்காள் வெரோனாவின் புருஷன் மத்தூஷ். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாமல், பன்னிரண்டு வருடம் கரி வெட்டி, எவனிடமும் கை நீட்டாமல் சொந்த வீடு வாங்கியவர். வவ்ரோ எதற்கும் லாயக்கில்லாதவன். வீட்டில் தங்கிய கூலிக்காரர்கள் ஒரே பானையில் கறி வேகவைப்பார்கள்; அவரவர் துண்டில் அடையாளத்துக்கு அவரவர் கட்டிய நூல். வவ்ரோவின் நூல் எப்போதும் வெறும் எலும்பில்தான் கிடக்கும். சம்பளமெல்லாம் சாராயக்கடைக்கு.

ஆனால் திருடன் இல்லை. வெட்டிய கரியில் நாலு கல் கிடந்தால் எடை குமாஸ்தா முழு வண்டிக்கும் கூலியை வெட்டுவான். கரியைக் கம்பெனி விற்றுக்கொள்ளும். வவ்ரோவுக்கு ஒரே வாரத்தில் மூன்று வண்டி போனது. ‘கல் ஏற்றி ஏமாற்றினான்’ என்று குமாஸ்தா கம்பெனிப் புத்தகத்தில் எழுதியும் வைத்தான்.

அடுத்த மாதமே வவ்ரோ, முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்த அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்ந்தான். எதிரியான ஆஸ்திரிய ராஜாவின் குடி என்று ஒரு தாளில் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள்.

“ஏன்டா, உன்னைத் திருடன்னு எழுதினவனுக்காகவா சாகப் போற?”

“அங்க எடை போடுற குமாஸ்தா இல்லையே மச்சான்!”

“மண்டை பூராக் கல்லுடா உனக்கு. தூ!”

அக்டோபரில் பிரான்ஸ் நாட்டுக் காடொன்றில் செத்துப்போனான்.

மறு வருடம் சதுக்கத்தில் கல் நட்டு அவன் பெயரைப் பொறித்தார்கள். உயிரோடிருந்தவரை அவனை எண் சொல்லிக் கூப்பிட்ட மேனேஜர், கைக்குட்டையும் கையுமாக மேடையேறினார். வாத்தியம் ஸ்லோவாக் சங்கத்தினுடையது. சங்கத்தின் மார்புப் பட்டைக்கு விழாவென்றால் சிவப்புப் பக்கம், சாவென்றால் கறுப்புப் பக்கம். மத்தூஷ் முன்னால் நிற்க, அறுபது பேரும் கறுப்பைக் காட்டிக்கொண்டு ஊதாமல் நின்றார்கள்.

“என்னப்பா மத்தூஷ், பெருமையான நாளு. சிவப்பைத் திருப்பச் சொல்லு. பெரிய மனுசங்கல்லாம் காத்திருக்காங்க.”

“உங்க புத்தகத்துல அவன் இன்னும் திருடன்தான் சார். திருடனுக்கு எதுக்கு விழா? அந்த வரியை அடிங்க. மூணு வண்டிக் கூலி வரட்டும்.”

“செத்தவன் நாள்ல காசு பேசுறியே, வெக்கமாயில்ல?”

“உசுரோட இருந்தப்ப கொடுத்திருந்தா நான் ஏன் பேசுறேன்?”

கூட்டத்தில் எவனோ சிரித்தான். மேனேஜரின் காது சிவந்தது. காசாளர் ஓடிப்போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க அந்த வரியை அடித்தார். பிறகு மத்தூஷிடம் பணத்தை நீட்டினார். மத்தூஷ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வெரோனா, நீ வா. நல்லா விரிச்சுப் பிடி. சத்தமா எண்ணட்டும்.”

“ஒண்ணு, ரெண்டு...” காசாளர் எண்ணினார். ஆறு தாள்களுக்கு மேல் மூன்று பத்து சென்ட் வெள்ளிக் காசுகளை அவர் ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்தார்.