இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் பிறந்த நாள்

2023 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. காலை பத்தேகால் மணிக்கு தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலைய வாசலில் சுப்ரியா இரண்டு பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து கனடா. வழியனுப்ப வந்தவர்களில் சொந்தக்காரி அல்லாதவள் ஞானம்பாள் ஒருத்திதான்.

சுப்ரியா பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவள். மூன்று வருடங்களாகக் களக்காட்டுப் பக்கம் ஆறு தெருக்களில் எழுபது தாண்டியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினாள். வயதாகியும் சிலர் மட்டும் திடமாக நடமாடுவது எப்படி என்பதுதான் கேள்வி. வீடு வீடாகப் போய் அளந்தவள் ஞானம்பாள். அளவு காட்டும் கருவியின் பிடியை அழுத்தச் சொல்லிக் கைவலுவைக் குறிப்பாள். நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லி விநாடி பார்ப்பாள். அதற்கு முன் அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. எண்பதில் ஒருவருக்குப் பிடி இறுகுவதும் எழுபதில் இன்னொருவருக்குத் தம்ளர் நழுவுவதும் ஏன் என்று, தச்சநல்லூருக்குத் திரும்பும் பேருந்தில் தினமும் யோசித்துக்கொண்டே வருவாள்.

ஆய்வை முன்வைத்துத் திருநெல்வேலியிலேயே இரண்டு நாள் கருத்தரங்கு நடத்த சுப்ரியா ஆசைப்பட்டாள். நலமான முதுமையைப் பற்றி ஆராய்பவர்கள் நாலு ஊரிலிருந்து வரவேண்டும், இளம் ஆய்வாளர்களுக்கு ரயில் செலவு கொடுக்கவேண்டும், அளக்கப்பட்ட பெரியவர்களும் வந்து முன்வரிசையில் உட்காரவேண்டும். தில்லியில் இப்படிப்பட்ட கருத்தரங்குகளுக்கு நிதி தரும் ஓர் அமைப்புக்கு விண்ணப்பம் போயிருந்தது. தான் ஊரை விட்டுப் போனாலும் துறைத்தலைவர் ஹரிநாராயணன் நடத்திவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் அவள் பெட்டி கட்டினாள்.

பதில் அந்த வாசலில் வைத்து வந்தது. கைப்பேசியைப் பார்த்த சுப்ரியாவின் முகம் சுருங்கியது. மதிப்பீட்டாளர் மூவரில் இருவருக்கு விண்ணப்பம் பிடித்திருந்தது. மூன்றாமவர் இணைப்பிலிருந்த பட்டியலை வரிவரியாகப் பார்த்திருக்கிறார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அறுபத்தொரு பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள், எழுபத்து நாலு பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்; இயற்கையில் இப்படி நடப்பதில்லை; தகவல் நேரில் சேகரிக்கப்பட்டதா என்று சந்தேகம் எழுகிறது. இருபது நாளில் விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளப்படும்.

சுப்ரியா அதை மெதுவாகத் தமிழில் சொன்னாள். பிறகு, "ஞானம்க்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்கோ. எல்லாரையும் நேர்ல போய்த்தானே பாத்தேள்?" என்றாள்.

ஞானம்பாள் ஆமாம் என்று மட்டும் சொன்னாள். உள்ளே போகச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். கண்ணாடிக் கதவு மூடிய பிறகுதான் அவளுக்கு அந்தக் கேள்வி உறைத்தது. மூன்று வருடம் வெயிலில் நடந்தவளைப் பார்த்து, வீட்டிலிருந்தே எழுதினாயா என்று கேட்டாகிவிட்டது. கருத்தரங்கு நடக்காமல் போனால் அடுத்த வருடம் நடக்கலாம். இந்தக் கேள்வி கடிதத்தில் ஏறிவிட்டது. இனி அவளைப் பற்றி யார் விசாரித்தாலும் இதுதான் முன்னால் வந்து நிற்கும்.

அன்று பிற்பகலே துறைக்குப் போனாள். ஹரிநாராயணன் நல்லவர், சிக்கல் என்றால் ஒதுங்குகிறவர். பிறந்த தேதி என்ற கட்டத்தையே எடுத்துவிட்டு வயதை மட்டும் போட்டு அனுப்பிவிடலாம் என்றார். அப்படி அனுப்பினால் கள்ளத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா என்று அவள் கேட்டாள். இந்தக் கூத்துக்குக் காரணம் என்ன என்று தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசை இருந்தது. பத்தொன்பது நாள் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார்.

தேதிகள் எங்கிருந்து வந்தன என்பது ஞானம்பாளுக்குத் தெரியாததல்ல. படிவத்தில் 'சான்றின்படி' என்று இருந்தது. சான்றில் இருந்ததை எழுதினாள். அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது ஐந்து வயது நிறைகிற மாதிரி வாத்தியார் ஜூன் ஒன்று என்று போட்டுவிடுவார். பள்ளிக்கே போகாதவர்களுக்கு ஆதார் எடுத்த இடத்தில் குத்துமதிப்பாக ஒரு வருடமும் ஜனவரி ஒன்றும் விழுந்துவிடும். இங்கே எல்லோரும் அறிந்த சங்கதி. அறிந்ததாலேயே யாரும் விளக்கி எழுதவில்லை. இப்போது எழுதினால் போதுமா? வயதே பொய்யென்றால் வயதைப் பற்றிய ஆய்வு எதில் நிற்கும்? அவளுக்குத் தூக்கம் போனது அந்தக் கேள்வியால்தான்.

மறுநாள் வண்ணார்பேட்டையில் பேருந்து பிடித்துக் களக்காடு போனாள். முதலில் நுழைந்தது குமரகுருபரன் வீடு. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து தடவை எழுந்து உட்காரப் பதினோரு விநாடி. அவருடைய வயதுக்காரர்களில் அதுதான் சாதனை. வெளியே சொல்லாவிட்டாலும் அதில் அவருக்குப் பெருமை உண்டு.

அவள் விவரம் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். ஜூன் ஒன்று எங்கள் வாத்தியாரின் கைங்கரியம், ஒரே தேதியாகப் போட்டால் அவருக்குக் கணக்கு லேசு என்றார். அப்படியென்றால் சாதகத்தைப் பார்த்துச் சரியான தேதி சொல்லுங்கள் என்று அவள் கேட்டாள். சிரிப்பு நின்றது.

"சாதகத்தக் கரையான் தின்னுட்டும்மா."

உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி அன்னத்தாய் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கரையான் எங்க தின்னுச்சு? பீரோவுல மஞ்சத் துணியில சுத்தி வச்சிருக்கு."

"நீ சும்ம கெட."

"நான் எதுக்குச் சும்ம கெடக்கணும்? ஞானம், இவிய ரெண்டாயிரத்து ரெண்டு ஐப்பசிலயே அறுபது கழிச்சாச்சு. ஆபீஸ்ல ராமேஸ்வரம் போறேன்னு லீவு எழுதிக் குடுத்துட்டு, திருக்கடையூர்ல மாலையும் கழுத்துமா நின்னாவ. அதுக்குப் பொறகும் ஏழு மாசம் வேலைக்குப் போனாவ."

ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றாக வேண்டிய அரசு வேலை அது. குமரகுருபரன் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ரெண்டரை வருசச் சம்பளத்தத் திருப்பிக் குடுன்னு கேட்டா நீ தாரியா?" என்றார் மனைவியிடம்.

ஞானம்பாள் தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். அதில் பெயரே கிடையாது. அவர் அறுபத்தேழாம் எண், அவ்வளவுதான். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் துறையில் சுப்ரியாவின் அலமாரியில் பூட்டியிருக்கிறது, அது தில்லிக்குப் போகாது என்று விளக்கினாள். அவர் அசையவில்லை. அப்போது அவளே எதிர்பாராமல் வாயில் வந்தது அது: "எழுவத்தெட்டுல பதினோரு விநாடின்னா பரவால்ல அண்ணாச்சி. எம்பது முடிஞ்சு பதினோரு விநாடின்னா அது வேற கதையில்லா?"

குமரகுருபரன் எழுந்து பீரோவைத் திறந்தார். சித்திரபானு வருடம், ஐப்பசி மாதம். 1942.

மனைவியின் சாதகத்தையும் கேட்டபோது அன்னத்தாய் கீரைத்தண்டை ஒடித்தபடி, பெண்பிள்ளைக்கு யார் எழுதினார்கள் என்றாள். கார்டில் எழுபத்து மூன்று; அதையே எழுதிக்கொள்ளச் சொன்னாள். அடுத்த வீட்டு சாரம்மாள் அந்த நேரம் பார்த்து முருங்கைக்கீரையோடு உள்ளே வந்தாள். பேச்சு காதில் விழுந்ததும் நின்றுவிட்டாள்.

"எழுவத்து மூணா? அப்ப நாந்தான் ஒனக்கு அக்கா. பதினெட்டு நாளு மூத்தவன்னு எழுவது வருசமா ஒன்ன அக்கா அக்கான்னு கூப்புட்டுக்கிட்டு கெடக்கேன். இனும நீ கூப்புடு."

"ஆசையப் பாரு இவளுக்கு," என்றாள் அன்னத்தாய்.

இரண்டு கிழவிகளும் சிரித்தார்கள். ஞானம்பாள் சிரிக்கவில்லை. பதினெட்டு நாள் என்பது எப்படித் தெரியும் என்று கேட்டாள். அன்னத்தாய் பிறந்த பதினெட்டாம் நாள் சாரம்மாள் பிறந்தாள். இரண்டு தாய்மாரும் தெருவில் இருந்த ஒரே மருத்துவச்சிக்காகச் சண்டை போட்டது ஊருக்கே தெரியும். சரி, சாரம்மாள் பிறந்த நாள்? அதற்கு அவள் யோசிக்கவே இல்லை. தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது, 1947 பிப்ரவரி ஒன்பது, வேண்டுமென்றால் வா, காட்டுகிறேன் என்றாள்.

போய்ப் பார்த்தார்கள். மங்கிய மையில் இருந்தது. அதிலிருந்து பதினெட்டு நாள் பின்னால் போனால் ஜனவரி இருபத்திரண்டு. சாதகமும் இல்லாத, பள்ளிக்கும் போகாத அன்னத்தாய்க்கு ஒரு கிறிஸ்தவப் பதிவேட்டிலிருந்து பிறந்த நாள் கிடைத்துவிட்டது.

திரும்பி நடக்கும்போது ஞானம்பாளுக்கு அந்தத் தெருவே வேறு மாதிரி தெரிந்தது. தன் வயது தெரியாதவர்கள் இங்கே நிறையப் பேர். ஆனால் யாருக்கு யார் மூத்தவர் என்று தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. தெரியாவிட்டால் வாயைத் திறந்து கூப்பிடவே முடியாது. அக்காவா தங்கச்சியா, அண்ணனா தம்பியா என்பது பத்து நாள் வித்தியாசத்தில்கூட முடிவாகி, வாழ்நாள் முழுக்கத் தினமும் சொல்லப்பட்டு வருகிறது. எந்த அலுவலகத்திலும் இல்லாத பதிவேடு அது.

அதன் பிறகு அவள் யாரிடமும் வயதைக் கேட்கவில்லை. இந்தத் தெருவில் நீங்கள் யாரையெல்லாம் அக்கா என்று கூப்பிடுகிறீர்கள், உங்களை யாரெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் கேட்டாள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சரிபார்த்தாள். உறவுமுறை சில இடங்களில் காலை வாரியது. மருமகனைவிட இளைய மாமன்மார் இருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் யார் முதலில் நடந்தது, யாருக்கு முதலில் காது குத்தினார்கள் என்று கேட்கவேண்டியிருந்தது. ஒரு முஸ்லிம் வீட்டில் அத்தாவின் பழைய கடைக் குறிப்பேட்டில் மகன் பிறந்த கிழமையும் பிறையும் இருந்தன. முதியோர் உதவித்தொகைக்காக வயதைக் கூட்டிப் போட்டிருந்த பெண்கள் நாலு பேர், அவள் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை சத்தியம் வாங்கினார்கள்.

பதினேழாம் நாள் ஆறு தெருக்களும் மூப்பு வரிசையில் ஆறு நீளத் தாள்களில் நின்றன. நடுநடுவே முப்பத்தெட்டுப் பேருக்குச் சாதகமோ பதிவேடோ இருந்தது. மற்றவர்கள் அவர்களுக்கு இடையே அடங்கினார்கள். ஹரிநாராயணன் அதைக் கணினியில் ஏற்றினார். கைவலுவை வயதோடு சேர்த்து வரைந்தபோது முன்பு சிதறிக்கிடந்த புள்ளிகள் ஓரளவு ஒன்றுகூடின. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, மூணு வருசமா இத ஏன் யாருமே செய்யல?" என்றார்.

"படிவத்துல கட்டம் இல்ல சார்."

விளக்கம் செப்டம்பர் ஒன்பதாம் தேதி போனது. டிசம்பரில், வண்ணார்பேட்டையில் வெள்ளம் வடிந்து கடைக்காரர்கள் சேற்றை வாரிக்கொண்டிருந்த வாரத்தில், இரண்டு வரிப் பதில் வந்தது. இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு முடிந்துவிட்டது; விரும்பினால் அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கலாம். விளக்கத்தை ஏற்றார்களா இல்லையா என்று ஒரு சொல் இல்லை.

ஞானம்பாள் பரிசோதனைக் கூடத்துக்கே திரும்பினாள். ஊசி குத்தும்போது வயதானவர்களின் புறங்கைத் தோலைக் கிள்ளி, அது எத்தனை விநாடியில் படிகிறது என்று தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருப்பாள். சுப்ரியா கனடாவிலிருந்து பனிப் படம் அனுப்புவாள், இவள் கைகூப்பும் பொம்மை அனுப்புவாள். விமான நிலைய வாசலில் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஹரிநாராயணன் மட்டும் விடவில்லை. ஆறு தாள்களையும் இணைத்து அடுத்த சுற்றுக்கு அவரே விண்ணப்பித்தார். தகவல் சேகரித்தவர் என்ற இடத்தில் அவள் பெயரை முழுதாக எழுதினார். அதுவும் பல மாதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

2025 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, அவள் ரத்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. தில்லியிலிருந்து ஆங்கிலத்தில் வந்ததை ஹரிநாராயணன் தமிழில் தட்டி அனுப்பியிருந்தார்:

"கருத்தரங்குக்கு நிதி அனுமதி. இரண்டு நாள் கேட்டோம், ஒரு நாளுக்குத்தான் தந்திருக்கிறார்கள். பெரியவர்கள் வந்துபோகும் செலவையும் ஏற்கிறார்கள். கூடவே மூன்றாம் மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்பு இது, உங்களுக்குத்தான்: 'நேரில் சேகரித்ததா என்று கேட்டவன் நான். அந்தச் சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குழுவின் கோப்பிலும் அப்படியே பதிந்திருக்கிறேன். என் தாயார் ஒடிசாவில் கட்டாக் நகரத்தில் இருக்கிறார். அவருடைய ஆதார் அட்டையிலும் ஜனவரி ஒன்று என்றே இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். அவர் தெருவில் அவரோடு வளர்ந்தவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். யாரிடம் முதலில் கேட்கவேண்டும், எப்படிக் கேட்கவேண்டும் என்று திருமதி ஞானம்பாள் எனக்கு எழுத முடியுமா?'"