கண்ணீர் அஞ்சலிப் பாய்

வடக்கனந்தலில் டைலர் செல்வி என்றால்தான் தெரியும். செந்தமிழ்ச்செல்வி என்ற முழுப்பெயர் ரேஷன் கார்டிலும், ஐம்பத்திரண்டு வயதில் எட்டுப் போட்டு வாங்கிய டிரைவிங் லைசென்சிலும் மட்டும் இருக்கிறது. அந்த லைசென்சை நகலெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, தையல் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறாள். ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் திரும்ப முடியாது.

புருசன் சின்னராசு ஓம்னி வேன் ஒன்றை வாடகைக்கு ஓட்டினான். சனி ஞாயிறு ஆனால் கல்வராயன் மலைக்கு அருவி பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு போவான். "எனக்கும் ஒரு நாளு மலையக் காட்டேன்" என்று அவள் கேட்டபோதெல்லாம், "பேசஞ்சர் கம்மியா இருக்கறப்ப பாக்கலாம்" என்பான். கெட்டவன் இல்லை. ஆனால் இருபத்தாறு வருசத்தில் பேசஞ்சர் ஒரு நாளும் கம்மியாகவில்லை. வாசலில் நின்றால் தெரிகிற மலை அது. பள்ளிக்கூட யூனிபாரத்துக்குக் காஜா போட்டபடியே அதைப் பார்த்துக் காலம் போனது.

போன வருசம் நெஞ்சு வலியில் அவன் போய்விட்டான். காரியம் முடிந்த கையோடு அவன் அண்ணன், அவளுக்கு மூத்தார், காசிநாதன், "வண்டிய வித்துடலாம். பொம்பள வூட்ல நின்னுகினு இருந்தா துருதான் புடிக்கும்" என்றார். செல்வி கள்ளக்குறிச்சிக்கு நாலு தடவை பஸ் ஏறி, வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் அடித்தாள், மெத்தை போட்டாள், ஜன்னலுக்குத் திரை தைத்தாள். மலைக்குப் போய் இரண்டு நாள் வண்டியிலேயே தங்கிவிட்டு வர வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி இல்லையே.

ஒத்திகைக்காகப் பக்கத்து வீட்டு ரீத்தாவோடு ஒரு மழை நாளில் கோமுகி அணைப் பக்கம் போய் நிறுத்திப் பார்த்தாள். ஏறி இறங்கும்போதெல்லாம் சேறும் கூடவே மெத்தைக்கு ஏறிவிட்டது. வண்டி வாசலுக்கு ஒரு பாய் இல்லாமல் ஆகாது. கோரைப்பாய் இரண்டே மழையில் ஊறி நாறிவிடும், கடையில் விற்கிற பிளாஸ்டிக் பாய் காற்றில் பறந்துவிடும். "நானே தெக்கறன்" என்றாள்.

யூரியா சாக்கு ஆறு எடுத்தாள். தையல் பிரித்து, வாடை போக மூன்று தண்ணீர் அலசி, இரண்டடுக்காகப் போட்டாள். அடியிலிருந்து ஈரம் ஏறாமலிருக்க பிளக்ஸ் வேண்டும். அதற்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. சின்னராசு செத்த அன்று காசிநாதன் முச்சந்தியில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனர் கோழிக்கூண்டின் மேல் கிடந்தது. அதில் செத்தவன் படம் ஒரு மூலையில் உள்ளங்கை அகலம். நடுவில் ஆளுயரத்துக்குக் காசிநாதன், வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி. காசிநாதன்தான் போய்விட்டார் என்று வெளியூர்க்காரர் இரண்டு பேர் பதறி ஓடி வந்து, அவரிடமே துக்கம் விசாரித்தார்கள்.

புருசன் படத்தை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டு, மீதியைச் சாக்கோடு சேர்த்துத் தைத்தாள். பிளக்சில் அச்சடித்த பக்கம்தான் வழவழப்பு, சேறு ஒட்டாது. அதனால் அந்தப் பக்கம் தரையைப் பார்க்க வேண்டும். இது தொழில் கணக்கு, மனசில் வேறொன்றும் இல்லை என்று ரீத்தாவிடம் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. பிளக்ஸ் மெஷினில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. முகப்பவுடரைத் தூவித் தூவித் தடித்த ஊசியில் ஓட்டினாள். மூன்று ஊசி முறிந்தது, மூன்றும் காசிநாதனின் கும்பிட்ட கையில். ஓரத்துக்கு யூனிபாரத்தில் மிஞ்சிய மெரூன் துணியைப் பட்டி பிடித்தாள். ஆணி அடித்து நிறுத்த நாலு மூலைக்கும் இரும்பு வளையம் வைத்தாள்.

புறப்படுவதற்கு முதல் நாள் காலையில் பாயைக் கழுவி, அடிப்பக்கம் மேலே இருக்கும்படி வண்டி வாசலில் காயப்போட்டிருந்தாள். அன்றைக்கென்று பார்த்துக் காசிநாதன் சங்கராபுரத்திலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார். பழைய வண்டி வாங்கி விற்கும் தைரியநாதன்.

"உள்ள ஏறிப் பாருங்க, நம்ம வண்டிதான்" என்றார் காசிநாதன்.

தைரியநாதன் காலைத் தூக்கினார். கீழே பார்த்தார், பக்கத்தில் பார்த்தார். இரண்டு இடத்திலும் ஒரே முகம். காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனுசர் அவர். தூக்கிய காலைப் பின்னால் வைத்துவிட்டார்.

"உங்க மூஞ்சி மேலயே நான் எப்பிடிங்க காலு வெக்கறது?"

காசிநாதனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இன்னா செல்வி இது? திருப்பிப் போடு."

"ஈரமா இருக்குது மாமா. காயட்டும்."

"வண்டி யாரு பேர்லங்க இருக்குது?" என்று தைரியநாதன் மெதுவாகக் கேட்டார்.

"என் பேர்லங்க. விக்கறன்னு நான் யார்கிட்டயும் சொல்லல."

மூத்தார் எதிரில் நிமிர்ந்து பேசுவது அந்த வீட்டில் இல்லாத வழக்கம். காசிநாதன் குரலை உயர்த்தினார்.

"ரெண்டு பொம்பளைங்க வண்டில படுத்துகினு ஊரு சுத்தனா, செத்தவன் பேரு இன்னா ஆவறது?"

"அவரு பேரா மாமா? உங்க பேனர்ல அத நான் தேடித்தான் கண்டுபுடிச்சன்."

தைரியநாதன் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு நடந்தார். செல்வி செருப்புக் காலோடு பாயின் மேல் ஏறி, வண்டிக் கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். காசிநாதன் கொஞ்ச நேரம் தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் வண்டி கிளம்பியது. பாய் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. முன் சீட்டில் ரீத்தா. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த உள்ளங்கை அகலப் படத்தில் சின்னராசு. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் முதல் வளைவில் செல்வி கியரை மாற்றினாள்.

"இன்னிக்கு பேசஞ்சர் கம்மிதான்," என்றாள் படத்திடம். "வா, மலையப் பாக்கலாம்."