மில் தவிடு

கும்மிடிப்பூண்டி கோழித்தீவனக் கம்பெனியிலிருந்து தவிடு மணக்கும் சட்டையோடு வீட்டுக்கு வரும்போதெல்லாம், அதே இடத்தில் முன்பிருந்த ரைஸ் மில்தான் நினைவுக்கு வருகிறது. பின்பக்கக் குழாயிலிருந்து தவிடு வெதுவெதுப்பாகக் கொட்டிக் குவிய, எங்கள் கோழிகள் கழுத்துவரை அதில் புதைந்து கொத்திக்கொண்டிருக்கும்; அம்மா முறத்தில் நொய்யை அள்ளியபடியே "ப்பா... பா..." என்று அவற்றைக் கூப்பிடுவாள்.

தீவனத்தில் நோய் தொற்றிவிடுமென்று, கம்பெனியில் வேலை செய்பவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாதாம். "உன் வேலதான்டா முக்கியம். கோயிங்க எங்கனா பொயச்சிக்கும்" என்று அம்மாவே போன வாரம் எல்லாவற்றையும் கூடையில் போட்டுச் சித்தி வீட்டுக்கு அனுப்பினாள்.

நேற்று என் சட்டையை வாசலில் உதறினாள். தவிடு உதிர்ந்தது. "ப்பா... பா..." என்றவள், நான் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.